காந்தியடிகள் வாழ்வில் சமயம் வளர்த்த ஒழுக்கம்

சமயம் முதுமைக்கு உரியது. வாலிபத்திலே உழைத்துப் பொருள் தேடிக்கொண்டு, தலை நரைத்த பின் கோயில் வீதியை நாடலாம் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். சமயம் சிறுபிள்ளைகளுக்கு உரியது. பள்ளிக்கூடத்திலே சமய பாடம் படித்துப் பரீட்சையிற் சித்தியெய்திவிட்டால் அதன் வேலை முடிந்தது என்று எண்ணுவோரும் உளர். இவ்விரு திறத்தாரும் சமயத்தை வாழ்வின் ஒரு மூலையில் ஒதுக்கி வைப்பவரே. உண்மையிலே சமயம் ஒருவனுடைய ஒழுக்கத்தை எப்போது வளர்க்கின்றது? குழந்தைப் பருவத்திலா, வாலிபத்திலா, முதுமையிலா? இவ்வினாவுக்கு நூல்களில் விடை தேடுவதிலும், வாழ்ந்து காட்டிய ஒருவரின் வரலாற்றில் விடை தேடுதல் நமக்கு எளிது.

மகாத்மா காந்தியடிகளை அறியாதார் இலர். அவருடைய அரசியலைப் பற்றி எல்லோரும் பேசுவர். ஆனால் அடிகளோ தமது அரசியல் யாவும் சமயத்திலிருந்து முளைத்ததே என்று கருதியவர். அவர் தமது பிழைகளை மறையாது தாமே எழுதி வைத்தமையால், ஓர் உயிர் எவ்வாறு படிப்படியாகச் செம்மைப்பட்டது என்பதை நாம் தெளிவாகக் காணமுடிகின்றது. எனவே, அவருடைய வாழ்வை இந்த ஒரு நோக்கோடு மாத்திரம் இங்கே பார்ப்போம்.

தாயும் செவிலியும்

1869ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 2ஆந் திகதி, குஜராத்தின் கடற்கரைப் பட்டினமாகிய போர்பந்தரிலே மோகன்தாஸ் பிறந்தார். தந்தையார் கரம்சந்த் காந்தி அச்சமஸ்தானத்திலே திவானாக விளங்கியவர். குடும்பத்தார் வைணவர். தாயார் புத்லிபாய் வழிபாடு செய்யாமல் உணவு கொள்ளாதவர். நாள்தோறும் கோயிலுக்குச் செல்பவர். கடினமான விரதங்களை விரும்பி ஏற்பவர். ஒரு மழைக்காலத்தில், சூரியனைக் கண்டாலன்றி உண்பதில்லை என்று அவ்வம்மையார் நோன்பு பூண்டார். பிள்ளைகள் முற்றத்தில் நின்று வானத்தையே பார்த்திருப்பர். முகில் விலகிச் சூரியன் தோன்றியதும் ஓடிச்சென்று தாயாரை அழைப்பர். அவர் வெளியே வருவதற்குள் சூரியன் மறைந்துவிடும். அதற்காக அவர் முகம் சுளிப்பதில்லை. இன்று நாம் உண்பதை இறைவன் விரும்பவில்லைப்போலும் என்று சொல்லிச் சிரித்த முகத்தோடு வீட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார்.

இக்காட்சியைப் பார்த்திருந்த பிள்ளைக்கு விரதம் என்றால் என்ன என்று எவரும் விரிவுரை செய்யவேண்டியதில்லை. கொடுத்த வாக்கைக் காப்பதும், காக்கும்போது மனங்கோணாதிருப்பதும் ஆகிய இரண்டையும் அவர் ஒருங்கே கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் ஒரு பேரரசையே அசைத்த உண்ணாநோன்புகளின் வித்து அந்த முற்றத்திலே விழுந்தது.

இன்னொருத்தியையும் நாம் மறத்தலாகாது. ரம்பா என்னும் முதிய பணிப்பெண் அவ்வீட்டிலே செவிலியாக இருந்தாள். மோகன்தாஸ் மிக்க அச்சமுள்ள சிறுவர். பேய், பாம்பு, கள்வர் ஆகியவற்றை எண்ணி இரவிலே விளக்கின்றி உறங்கமாட்டார். அச்சம் வரும்போதெல்லாம் இராம நாமத்தைச் சொல்லும்படி ரம்பா கற்பித்தாள். மருந்தில் நம்பிக்கையிருந்ததோ இல்லையோ, மருந்து தந்தவளிடத்தில் அப்பிள்ளைக்கு நம்பிக்கை இருந்தது. சிறிது காலத்தில் அப்பழக்கம் நின்றுவிட்டது. ஆயினும் விதை பழுதாகவில்லை. எழுபது ஆண்டுகளின் பின் அவர் கைக்கொண்ட அருமருந்து அந்தச் செவிலி தந்த அதே நாமமேயாகும். எழுத்தறியாத ஏழைப் பெண்ணொருத்தி செய்த இப்பணியை எந்தக் குருவின் பணிக்கும் நாம் தாழ்த்தி மதிக்கமுடியாது.

தந்தையார் நோயுற்றிருந்தபோது இராமாயண படனம் நடைபெற்றது. பதின்மூன்று வயதுச் சிறுவராயிருந்த மோகன்தாஸ் அதிலே ஈடுபட்டு உருகினார். அரிச்சந்திர நாடகத்தைக் கண்டு, எல்லோரும் அரிச்சந்திரனைப்போல உண்மையாளராய் இருந்தால் என்ன என்று பலநாள் தமக்குள்ளே எண்ணினார். இராசகோட்டையில் தந்தையாரைக் காணச் சமணத் துறவிகளும், இஸ்லாமிய நண்பர்களும், பார்சி நண்பர்களும் வந்து தத்தம் சமயங்களைப் பற்றிப் பேசுவார்கள். நோயாளிக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த மகன் அவற்றையெல்லாம் கேட்டிருப்பார். பிற சமயத்தவரை மதித்தலும் அவருக்கு வீட்டிலேயே கிடைத்த பாடமாயிற்று.

தடுமாறிய இளமை

இத்துணை நல்ல சூழலில் வளர்ந்தவர் வழுவாமல் வளர்ந்தார் என்று எண்ணுதல் தவறு. கோயிலின் ஆடம்பரம் அவர் மனத்தைக் கவரவில்லை. மனுதர்ம நூலிலே படைப்பைப் பற்றிப் படித்தபோது, ஐயம் மிகுந்து நாத்திகத்தின் பக்கமே சாய்ந்தார். கூடாநட்பினால் இரகசியமாகப் புலாலுண்டார். புகை பிடித்தார். பதினைந்து வயதில், தமையனார் பட்ட கடனைத் தீர்ப்பதற்காக, அத்தமையனார் அணிந்திருந்த பொற்காப்பிலே ஒரு துண்டைத் திருடவும் செய்தார்.

இங்கேதான் முன்னே விழுந்த விதை முளைத்தது. திருட்டை எவரும் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய நெஞ்சு கண்டுபிடித்தது. குற்றத்தை ஒரு தாளில் எழுதித் தமக்குத் தண்டனை தருமாறு கேட்டு, நோயுற்றுப் பலகைமேற் படுத்திருந்த தந்தையார் கையிற் கொடுத்தார். தந்தையார் எழுந்திருந்து படித்தார். கண்ணீர் பெருகித் தாளை நனைத்தது. சிறிது நேரம் கண்களை மூடியிருந்து, பின் அத்தாளைக் கிழித்தெறிந்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அடிக்கவில்லை; ஒரு சொல்லும் வையவில்லை. அந்தக் கண்ணீரே மகனைக் கழுவித் தூய்மையாக்கியது. அகிம்சை என்னும் பேராற்றலை அவர் முதன்முதல் அனுபவத்தில் அறிந்தது தந்தையின் கண்ணீரிலேதான். ஐயமும் நாத்திகச் சாய்வும் இருந்த அந்தக் காலத்திலேயே, உலகத்துக்கு ஆதாரம் ஒழுக்கம், ஒழுக்கத்துக்கு ஆதாரம் சத்தியம் என்னும் துணிபு அவர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. வாலிபர் ஒருவர் கடவுளைப் பற்றி ஐயுறத் தொடங்கியவுடன் அவர் கெட்டொழிந்தார் என்று பதறும் பெரியோர் இதனைச் சற்றே சிந்தித்தல் நலம்.

மூன்று விரதங்கள்

1888ஆம் ஆண்டு, சட்டம் பயில இங்கிலாந்து செல்ல அவர் விரும்பினார். கடல் கடத்தல் ஆகாதென்று சாதித் தலைவர்கள் தடுத்து, அவரைச் சாதியினின்றும் விலக்கியும் வைத்தனர். தாயாரின் அச்சமோ வேறு. மது, மாது, புலால் மூன்றையும் தீண்டேன் என்று, பேசார்ஜி சுவாமி என்னும் சமணத் துறவியின் முன்னிலையில் மகன் சபதம் செய்த பின்னரே தாயார் விடை கொடுத்தார்.

இலண்டனிலே அச்சபதங்கள் அவருக்கு வேலியாய் நின்றன. பசியால் வாடியபோதும், நண்பர்கள் பரிகசித்தபோதும் அவர் புலாலுண்ணவில்லை. முதலில் தாயாருக்குக் கொடுத்த வாக்கு என்பதற்காக மாத்திரம் விலக்கினார். பின்பு மரக்கறி உணவைப் பற்றிய நூல்களைப் படித்து, அறிந்து விரும்பி விலக்கினார். இந்த மாற்றத்தை வாலிபர்கள் ஊன்றி நோக்கவேண்டும். பிறர் கட்டிய வேலி, உள்ளே பயிர் வளரும் வரையிற் காத்தது. பயிர் வளர்ந்த பின் அதுவே அவர் தாமாக உவந்து கொண்ட கொள்கையாயிற்று.

அங்கே பிரமஞான சங்கத்தைச் சேர்ந்த இரு சகோதரர்கள், பகவத்கீதையைத் தம்மோடு சேர்ந்து படிக்குமாறு அவரை அழைத்தனர். அதுவரை கீதையைச் சமஸ்கிருதத்திலோ தாய்மொழியிலோ தாம் படித்திராமையை எண்ணி அவர் நாணினார். எட்வின் ஆர்னல்ட் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பிலேதான் அவர் கீதையை முதன்முதற் கண்டார். புத்தர் பெருமானைப் பற்றி அதே ஆசிரியர் இயற்றிய காவியத்தையும், விவிலிய நூலிலுள்ள மலைப்பிரசங்கத்தையும் படித்து, மூன்றிலும் துறவே உயர்ந்த நெறியாகப் பேசப்படுதலைக் கண்டார். 1891ஆம் ஆண்டு பாரிஸ்டராகி ஊர் திரும்பியபோது, தாயார் முன்னரே காலமாகிவிட்ட செய்தி காத்திருந்தது. சபதம் வாங்கிய தாயார் இல்லை. சபதம் மாத்திரம் எஞ்சி நின்று அவரைக் காத்தது.

ஐயமும் ஆராய்ச்சியும்

1893ஆம் ஆண்டு வழக்கொன்றின் பொருட்டுத் தென்னாபிரிக்கா சென்றார். முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும், நிறத்தின் காரணமாகப் பீற்றர்மரிற்ஸ்பேர்க் நிலையத்திலே புகைவண்டியினின்றும் தள்ளப்பட்டு, குளிர் இரவு முழுவதும் விழித்திருந்த கதையை எல்லோரும் அறிவர். அதே காலத்தில் அவருடைய உள்ளத்தில் நடந்த போராட்டத்தை அறிந்தவர் சிலரே.

பிரிட்டோரியாவில் வாழ்ந்த கிறிஸ்தவ நண்பர்கள் அவரைத் தம் சமயத்துக்கு அழைத்தனர். அவர்களின் பக்தியையும் அன்பையும் அவர் மதித்தார். அவர்கள் தந்த நூல்களையும் படித்தார். கோட்ஸ் என்னும் நண்பர், காந்தியின் கழுத்திலே கிடந்த துளசிமாலையைக் கண்டு, இந்த மூடநம்பிக்கையை அறுத்தெறிகிறேன் என முன்வந்தார். அது என் தாயார் அன்போடு அணிவித்தது. தக்க காரணமின்றி அதனைக் கழற்றேன். தானாகத் தேய்ந்து அறுந்தால் வேறு வாங்கி அணியவும் மாட்டேன் என்று காந்தி மறுத்தார். அந்த மறுமொழியிலே பகையில்லை, பிடிவாதமுமில்லை. பெற்றோர் தந்ததைப் பிறர் சொல்லுக்காக வீசி எறியவுமாட்டார். ஆராயாமல் அதனையே கட்டிக்கொண்டு கிடக்கவுமாட்டார்.

இந்து சமயத்தின் குறைகளும் அவர் கண்ணுக்குத் தெரிந்தன. தீண்டாமை இந்து சமயத்தின் ஓர் அங்கமாயின், அது அழுகிய அங்கமாகவேனும், வேண்டாத கட்டியாகவேனும் இருத்தல் வேண்டும் என்று அப்பொழுதே அவருக்குத் தோன்றியது. தமது ஐயங்களை எழுதி, பம்பாயிலே தாம் சந்தித்திருந்த சமணப் பெரியார் ராய்சந்த்பாய்க்கு அனுப்பினார். அப்பெரியார் இரத்தின வணிகர். வணிகக் கணக்கு முடிந்ததும் ஆன்மிகக் குறிப்பேட்டைத் திறப்பவர். அவர் அனுப்பிய விடைகளும், பொறுமையாய் ஆராயவேண்டுமென்ற அறிவுரையும் காந்தியின் மனத்துக்கு அமைதி தந்தன. ரஷ்யப் பேரறிஞர் டால்ஸ்டாயின் நூலொன்றும் அக்காலத்தில் அவரை ஆட்கொண்டது. இங்ஙனம் சமணரும் கிறிஸ்தவரும் துணைநிற்க, அவர் இந்துவாகவே உறுதிபெற்றார்.

1894ஆம் ஆண்டு டர்பனிலே பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி, எசமானனால் அடியுண்டு, முன்பற்கள் உடைந்து, வாயில் இரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கழற்றிக் கையிலேந்தியவண்ணம் அவர் முன் வந்து நின்றார். தலைப்பாகையை மறுபடியும் அணிந்துகொள்ளும்படி காந்தி முதலிற் சொன்னார். பிறகே வழக்கைக் கேட்டார். அந்த எசமானனிடமிருந்து அவரை விடுவித்து வேறிடத்தில் அமர்த்தவும் செய்தார். பிறரை இழிவுபடுத்தித் தாம் பெருமை கொள்ள மனிதர்க்கு எப்படி மனம் வருகின்றது என்னும் வினா அவரை வாழ்நாள் முழுவதும் விட்டகலவில்லை.

கீதை கைந்நூலாயிற்று

தென்னாபிரிக்காவிலே கீதையை மனனஞ் செய்ய முற்பட்டார். காலையிற் பல்துலக்கும் நேரத்தில் எதிர்ச் சுவரிலே சுலோகங்களை எழுதி ஒட்டிவைத்து, பதின்மூன்று அத்தியாயங்கள் வரை பாடமாக்கினார். நமக்குத் தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டுவதுபோல, நடத்தையிற் சந்தேகம் வந்தபோதெல்லாம் அவர் கீதையைப் புரட்டினார். பற்றின்மை என்றும் சமநோக்கு என்றும் படித்தால், அவற்றை வீட்டுக் கணக்கிலே எப்படி எழுதுவது என்று கேட்பது அவருடைய இயல்பு. மனைவி மக்களின் பொருட்டு எடுத்திருந்த பதினாயிரம் ரூபா ஆயுட் காப்புறுதியை அவர் கைவிட்டது அப்படிக் கேட்டதன் பயனே. 1904ஆம் ஆண்டு ரஸ்கின் எழுதிய நூலைப் புகைவண்டியிலே ஓரிரவு படித்து, விரைவிலேயே பீனிக்ஸ் என்னுமிடத்தில் நிலம் வாங்கி உழைத்துண்ணும் குடியிருப்பை அமைத்தார்.

ஆயினும் கொள்கை முற்றும் குணமாகிவிடவில்லை. 1898ஆம் ஆண்டளவில் டர்பன் வீட்டில் நிகழ்ந்ததை அவரே எழுதியுள்ளார். தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்த பெற்றோரின் மகனாகிய எழுத்தர் ஒருவர் அவர் வீட்டிலே தங்கியிருந்தார். அவருடைய மலசலப் பாத்திரத்தைத் துப்புரவு செய்யும் பணி கஸ்தூரிபாய்க்கு வந்தது. அம்மையார் கண்ணீரோடு அதனைச் செய்தார். அழாமல், முகமலர்ச்சியோடு செய்யவேண்டும் என்று கணவர் அதட்டினார். வாக்குவாதம் முற்றவே, மனைவியின் கையைப் பற்றி இழுத்துச்சென்று வெளியே தள்ளுவதற்குப் படலையைத் திறந்தார். உற்றார் உறவினர் எவருமில்லாத இந்த ஊரில் நான் எங்கே போவேன், வெட்கமில்லையா என்று அம்மையார் கேட்டார். கணவர் நாணிப் படலையைச் சாத்தினார்.

தீண்டாமையை ஒழிக்கப் புறப்பட்டவர் தம் மனைவியையே வலிந்து அடக்க முயன்றார்! அறத்தைப் பிறர்மீது சுமத்த முனைவோனுடைய அறம் எவ்வளவு விரைவில் மறமாய் மாறிவிடுகின்றது என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. துன்பத்தைத் தான் ஏற்றுப் பிறர் மனத்தை மாற்றுவது எப்படி என்பதைக் கஸ்தூரிபாயின் பொறுமையிலிருந்து தாம் கற்றதாக அடிகள் பிற்காலத்திற் கூறினார். மூத்த மகன் ஹரிலாலின் கல்வி பற்றிய மனக்குறையோ தந்தைக்கும் மகனுக்குமிடையே கடைசிவரை தீராமலே இருந்தது. உலகுக்கு வழிகாட்டியவரும் வீட்டிலே சில இடங்களில் இடறினார். இதை மறைத்து எழுதினால் அவர் போற்றிய சத்தியத்துக்கு நாம் இழைக்கும் பிழையாகும்.

கடவுள் சாட்சியாக

1906ஆம் ஆண்டு செப்ரெம்பர் 11ஆந் திகதி ஜோகன்னஸ்பேர்க் நகரத்திலே இந்தியர் பெருந்திரளாகக் கூடினர். இந்தியரை இழிவுசெய்யும் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று தீர்மானம் கொண்டுவரப்பட்டது. சேட் ஹாஜி ஹபீப் என்னும் இஸ்லாமியப் பெரியார், அதனைக் கடவுள் சாட்சியாக ஏற்போம் என்றார். இதைக் கேட்டுக் காந்தி திடுக்குற்றார். தீர்மானம் ஒன்று, கடவுள் முன்னிலையிற் செய்யும் சபதம் வேறொன்று. தாயாரின் விரதத்தைப் பார்த்து வளர்ந்தவரன்றோ! சிறை, அடி, பொருளிழப்பு, உயிரிழப்பு யாவும் வரலாம்; பிறரெல்லாம் விலகினும் நிற்கக்கூடியவர் மாத்திரம் சபதம் செய்க என்று அவர் எச்சரித்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதூக்கிச் சபதம் செய்தனர். சத்தியாக்கிரகம் அங்கே பிறந்தது. 1914ஆம் ஆண்டு வரை நடந்த அப்போரில் தமிழ்த் தொழிலாளர் முன்னணியில் நின்றதும், தில்லையாடி வள்ளியம்மை என்னும் இளம்பெண் சிறைநோயால் உயிர்நீத்ததும் தமிழ்மக்கள் மறக்கொணாதவை.

1915ஆம் ஆண்டு இந்தியா திரும்பி, அகமதாபாத்தை அடுத்த கோச்ராப்பிலே ஆச்சிரமம் நிறுவினார். சில மாதங்களில் தீண்டப்படாதார் எனப்பட்ட குலத்தைச் சேர்ந்த தூதாபாய், அவர் மனைவி தானிபென், குழந்தை இலட்சுமி ஆகிய மூவரும் அங்கே வந்து சேர்ந்தனர். பொருளுதவி செய்தோர் கையை மூடிக்கொண்டனர். கிணற்றடியில் வசைமொழி எழுந்தது. கஸ்தூரிபாய்க்கும் முதலில் உடன்பாடில்லை. கையிலிருந்த பணம் தீர்ந்தது. தீருமாயின் சேரியிற் சென்று வாழ்வோம் என்று அடிகள் துணிந்திருந்தார். அப்பொழுது செல்வர் ஒருவர் மோட்டார் வண்டியில் வந்து, வாயிலிலே பதின்மூவாயிரம் ரூபாவைக் கொடுத்துவிட்டுத் தம் பெயரையும் வெளியிடாமற் சென்றார். ஆச்சிரமம் பிழைத்தது, கொள்கையும் பிழைத்தது. குழந்தை இலட்சுமியை அடிகள் தம் மகளாகவே கொண்டார்.

யாழ்ப்பாணத்தில்

1927ஆம் ஆண்டு நவம்பரில் அடிகள் கஸ்தூரிபாயோடு இலங்கைக்கு வந்தார். கொழும்பிலே பௌத்த வாலிபர் சங்கத்தாருக்கும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தாருக்கும் உரை நிகழ்த்தினார். யாழ்ப்பாண மாணவர் காங்கிரசின் அழைப்பையேற்று அம்மாத இறுதியில் வடக்கே வந்து, பொதுக்கூட்டங்களிலும், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, இராமநாதன் மகளிர் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி முதலிய இடங்களிலும் பேசினார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவற்றை வற்புறுத்தினார். அவரை அழைத்தோர் இளைஞர் என்பது நமக்குப் பெருமை தருவது.

பெருமையோடு நின்றுவிடின் அது போலியாகும். அவர் வந்து சென்று முப்பது ஆண்டுகளின் பின்னரே, 1957ஆம் ஆண்டில், சாதி காரணமாகப் பொதுவிடங்களிலும் வழிபாட்டிடங்களிலும் ஒருவரைத் தடுத்தல் குற்றமென இந்நாட்டிற் சட்டம் செய்யப்பட்டது. அதன் பின்னும், 1968ஆம் ஆண்டில், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே உள்ளே சென்று வழிபடும் உரிமைக்காக நம்மவரே நம்மவர் முன் சத்தியாக்கிரகம் இருக்கவேண்டியதாயிற்று. பெரியாரை வரவேற்று மாலையிடுதல் எளிது. அவர் சொல்லை வீட்டுக்குள் அழைத்தல் அரிது.

முதுமையிலும் மாணவர்

வயது முதிர்ந்த பின் மனிதர் கற்பதை நிறுத்திவிடுகின்றனர். அடிகள் நிறுத்தவில்லை. முற்காலத்திற் கலப்பு மணமும் சமபந்தியும் தீண்டாமை ஒழிப்புக்கு இன்றியமையாதவையல்ல என்று கருதியிருந்தார். பிற்காலத்திலோ, மணமக்களுள் ஒருவர் அரிசனராயிருந்தாலன்றித் திருமணத்துக்கு வாழ்த்துக் கூறுவதில்லை என்னுமளவுக்கு அவர் மனம் விரிந்தது. 1933ஆம் ஆண்டு நவம்பர் முதற் பல மாதங்கள் நாடெங்கும் அரிசனப் பயணம் செய்தார். மதுரை மீனாட்சியம்மன் கோயில் எல்லோருக்கும் திறக்கப்படும் வரை அதனுள்ளே செல்லாதிருந்து, 1939ஆம் ஆண்டிலே கோயில் திறக்கப்பட்ட பின், 1946ஆம் ஆண்டில் உள்ளே சென்று வழிபட்டார்.

அவர் கருத்துக்கள் யாவும் பிழையற்றவை என்பதற்கில்லை. 1934ஆம் ஆண்டு ஜனவரியிலே பீகாரைப் பூமியதிர்ச்சி அழித்தபோது, அது தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார். கவியரசர் தாகூர் அதனை வன்மையாக மறுத்தார். இயற்கை நிகழ்ச்சியை மனிதர் பாவத்தோடு பிணைத்தல் அறிவுக்கு ஒவ்வாது என்பதே தாகூரின் வாதம். அது தக்க வாதமே. அடிகள் தம் கருத்தை மாற்றவில்லை. ஆனால் அம்மறுப்பைத் தமது பத்திரிகையிலேயே வெளியிட்டார். மறுப்பவரையும் மதிக்கும் பண்பு அவரிடத்திருந்தது.

கடவுளே சத்தியம் என்று சொல்லிவந்தவர், பின்பு சத்தியமே கடவுள் என்று அதனைத் திருப்பிச் சொல்லலானார். கடவுளை மறுப்போரும் உண்மையை மறுப்பதில்லை. ஆதலின் அவர்களும் தம்மோடு வழிபாட்டில் நிற்க இடமுண்டு என்பது அவர் கருத்து. நாத்திகத்தை எட்டிப் பார்த்த அந்த இளைஞரை அவர் மறந்துவிடவில்லை என்றே நாம் கருதுகின்றோம்.

இறுதிச் சோதனை

1946ஆம் ஆண்டு வங்காளத்து நவகாளியிலே கலகம் மூண்டு, இந்துக்கள் பெருந்துன்பத்துக்காளாயினர். எழுபத்தேழு வயது முதியவர் அங்கே சென்றார். செருப்பையும் கழற்றிவிட்டுக் கையில் தடியோடு ஊர் ஊராக நடந்தார். பீகாரிலே இஸ்லாமியர் தாக்குண்டபோது அங்கும் சென்றார். 1947 செப்ரெம்பரிற் கல்கத்தாவிலும், 1948 ஜனவரியில் டில்லியிலும் கலகம் அடங்குதற்பொருட்டு உண்ணாநோன்பு இருந்தார். இரு சமயத்தாரும் அவரைத் தூற்றினர். இரு சமயத்தாரும் அவரிடமே அடைக்கலம் புகுந்தனர். பேயையும் பாம்பையும் கண்டு அஞ்சிய சிறுவர், இப்பொழுது வாளேந்திய கூட்டத்தின் நடுவே இராம நாமமே துணையாக நின்றார்.

1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆந் திகதி மாலை, பிரார்த்தனைக்குச் செல்லும் வழியில் அவர் சுடப்பட்டார். இராம நாமமே அவர் வாயினின்றும் இறுதியாக வெளிவந்ததென அருகே நின்றோர் கூறுவர். சுட்டவன் பிற சமயத்தவனல்லன்; இந்து. சமயத்துக்குத் தொண்டு செய்வதாகவே அவனும் எண்ணினான். ஒரே கீதையைப் படித்து ஒருவர் அன்பின் உருவமானார், மற்றவன் கொலைஞனானான். சமயம் தானாகவே ஒருவனை நல்லவனாக்கிவிடும் என்று நம்பியிருப்போர்க்கு இதைவிடக் கடுமையான எச்சரிக்கை வேறில்லை.

நாம் கொள்ளத்தக்கவை

அவ்வாறாயின் வேறுபாடு எங்கே? அடிகள் சமயத்தை என்றும் தம்மை அளக்கும் கோலாகக் கொண்டார். பிறரை அடிக்கும் கோலாக அதனை எடுத்தபோதெல்லாம், படலையருகே நாணி நின்றதுபோல, நாணித் திரும்பினார். சமயத்தைப் பிறரை அளப்பதற்கு மாத்திரம் பயன்படுத்துவோன் எவ்வளவு படித்தாலும், எத்தனை முறை கோயிலை வலம்வந்தாலும் வளரமாட்டான்.

தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கும் இப்பொழுது விடை கிடைக்கின்றது. சமயம் ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு வகையாக வேலை செய்கின்றது. குழந்தைக்கு அது பெரியோரின் முகத்திலும் செயலிலும் தெரிகின்றது. இளைஞனுக்கு நெஞ்சின் உறுத்தலாகவும், சபதத்தின் வேலியாகவும், சில வேளை ஐயமாகவும் வருகின்றது. நடுவயதினனுக்கு வீட்டிலும் தொழிலிலும் பணப்பெட்டியிலும் சோதனையாகின்றது. முதியவனுக்கு, தன் பழைய கருத்தையும் விட்டுக்கொடுக்கும் துணிவாகின்றது. ஒரு பருவத்திற் பெற வேண்டியதை இழந்தவன் மறுபருவத்தில் அதனைத் தேடிக்கொள்ளலாம். ஆனால் எந்தப் பருவத்திலும் இனிக் கற்பதற்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிடுதல் ஆகாது.

பெரியோர்களே, பிள்ளைகள் உங்கள் பேச்சைக் காட்டிலும் உங்கள் விரதத்தையே பார்த்துக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு வரும்போது பிரம்பைத் தேடாது, கரம்சந்த் காந்தியின் கண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஐயம் எழுப்பும்போது வாயை அடைக்காது, ராய்சந்த்பாயைப்போலப் பொறுமையோடு விடை கூறுங்கள்.

வாலிப அன்பர்களே, ஆண்டுதோறும் விழா எடுப்பதும் மலர் வெளியிடுவதும் நம் சங்கத்துக்கு அழகே. அவற்றோடு, ஒவ்வொருவரும் சிறியதாயினும் ஒரு விரதத்தை மேற்கொண்டு, அடுத்த ஆண்டு மலர் வெளிவரும் வரையிலேனும் அதனை வழுவாது காப்போமாக. பொய் சொல்லாதிருத்தலாயினும் சரி, மதுவைத் தீண்டாதிருத்தலாயினும் சரி, நம் வீட்டுக் கிணற்றையும் விருந்துப் பந்தியையும் எல்லோர்க்கும் ஒப்பத் திறந்துவைத்தலாயினும் சரி, ஒன்றை உறுதியாகப் பற்றுவோம். சூரியனைக் காணாது உண்ணாதிருந்த அம்மையாரின் சிறிய விரதம் எத்துணைப் பெரிய வாழ்வுக்கு அடிகோலியது என்பதை நாம் கண்டோம். நாம் பற்றும் சிறு விரதம் நம் பிள்ளைகளிடத்தில் எவ்வாறு விளையுமென்பதை இறைவன் ஒருவனே அறிவான். விதைத்தல் நம் கடன்.